நிழல் விழாத தூரம்

மேலப்பொழில் தண்ணீர்த் தொட்டி எந்த வருஷம் ஒழுகத் தொடங்கியது என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை, ஆனால் அது ஒழுகி ஒழுகித்தான் தொட்டிக்குக் கீழே இருந்த அகலமான மதிலின் தலையில் பாசி பிடித்தது, பாசி பிடித்துப் பிடித்துத்தான் மெத்தை போலக் கனத்தது, கனத்த அந்தப் பாசிக்குள் ஒரு சாரல் காலத்தில் ஓர் ஊர் முளைத்திருந்தது, அந்த ஊரும் மேலப்பொழிலாகவே இருந்தது.

முதலில் பார்த்தவர் ஸ்டூடியோ தெய்வநாயகம். அவரும் அதைத் தேடிப் போகவில்லை. கல்யாண ஆல்பத்தில் இப்போதெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காட்டினால் போதாது, தாலியில் பதித்த சிவப்புக் கல்லைக் காட்ட வேண்டும், மருதாணிக் கோலத்துக்குள் ஒளித்து எழுதிய மாப்பிள்ளை பெயரைக் காட்ட வேண்டும், மை தீட்டிய இமைமயிரை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அதற்காகத் தென்காசியில் கேமரா கடை வைத்திருக்கும் பீர்முகம்மதுவிடம் ஒரு ட்யூப் வாங்கி வந்தார். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம் அது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால், தூரத்தை மறந்து கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க லென்ஸ் பழகிக்கொள்ளும். சோதித்துப் பார்க்கக் கைக்கெட்டிய இடத்தில் இருந்தது மதில் பாசி. குனிந்து, மூச்சைப் பிடித்து, முன்னும் பின்னும் அசைந்து, ஃபோகஸ் விழுந்தபோது ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி கூழ்வடகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். லென்ஸின் நிழல் மேலே விழுந்ததும் அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள், வடகத் துணியின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

தெய்வநாயகம் நிமிர்ந்து, மதிலுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த மாடத்தியைப் பார்த்தார்.

"மாடத்தி, ஒங்க அம்மை வடகம் எப்ப போடுவா?"

"அவ போயி ஏழெட்டு வருசம் ஆச்சு. இப்ப என்ன அண்ணாச்சி வடகத்துக்கு ஆசை?"

"இன்னைக்குப் போட்டா. என் நெழல் தட்டவும் மழைன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டா."

மாடத்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "உப்பைக் கூடத்தான் போட்டிருப்பா" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவருக்கு டீ ஆற்றப் போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வந்து பார்த்தது. பூதக்கண்ணாடி வைத்திருந்தவர்கள் பூதக்கண்ணாடியோடு வந்தார்கள், வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் குழலோடு வந்தார், ஒன்றும் இல்லாதவர்கள் செல்போனில் சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து ஊர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டது: பாசிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் மேலப்பொழிலை விட்டுப் போனவர்கள். செத்துப் போனவர்கள் இருந்தார்கள், துபாய்க்குப் போனவர்கள் இருந்தார்கள், கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தங்கள் அம்மா வீட்டு மாடியில் தாவிக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு யாராவது ஊர் வந்து பஸ்ஸிலிருந்து காலைத் தரையில் வைத்தால் பாசிக்குள் அவரைக் காணாது. திரும்ப பஸ் ஏறினால், அதே நொடியில் பாசித் தெருவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார். பிழைக்கப் போனவர், செத்துப் போனவர் என்று பிரித்துச் சொல்லும் வழக்கத்தை ஊர் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுவிட்டது. "எங்க அவுக மதில்ல இருக்காவ" என்றால் போதும்.

ஏன் வந்தது என்று கேட்டவர்கள் உண்டு, இரண்டு நாள் கேட்டுவிட்டு ஓய்ந்தார்கள், ஏனென்றால் அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன. மதிலுக்கு அருகே பீடி பிடிக்கலாமா? கூடாது, அங்கே வீட்டுக்குள் புகை மூட்டம் போடுகிறது. தும்மல் வந்தால்? திரும்பி நின்று தும்ம வேண்டும், போன தடவை தும்மியதில் ஒரு தெருவின் ஓலைக் கூரை முழுக்கப் பறந்தது. பெண்கள் மாடியில் குளிக்கும் நேரம் எது? விடிந்ததும் கொஞ்ச நேரம். அப்போது யாரும் பார்க்கக் கூடாது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வருகிறவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். தேர்தல் வந்தபோது எல்லாக் கட்சிக்காரர்களும் ஊரின் மற்ற எல்லாச் சுவர்களிலும் சுண்ணாம்பு அடித்து எழுதினார்கள், அந்த மதிலைத் தொடவில்லை. எந்தப் பக்கத்து ஆள் எந்த வீட்டில் இருக்கிறார் என்று யார் கண்டது.

தெய்வநாயகத்துக்கு அந்த ஊரில் வேண்டியது ஒரே ஒரு முகம். அவர் மனைவி ஆவுடை காய்ச்சலில் போய் நாலு மழைக்காலம் ஆகியிருந்தது. போட்டோக்காரர் வீட்டில் போட்டோவுக்கா பஞ்சம். சுவரில், பெட்டியில், கம்ப்யூட்டரில் எங்கு திறந்தாலும் ஆவுடை இருந்தாள், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே முகத்தோடு இருந்தாள். நாடி இடப்பக்கம் லேசாக இறங்கியிருக்கும், உதடு சேர்ந்திருக்கும், கண் நேராக இருக்கும். அவர் கேமராவைத் தூக்கினால் அந்த முகம் வந்துவிடும். ஆயிரம் மணப்பெண்களிடம் "நாடியைக் கொஞ்சம் எறக்கும்மா" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளும் கற்றுக்கொண்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கேமரா இல்லாதபோது அவளுக்கு இருந்த முகம், குழம்பில் உப்புப் பார்க்கும்போது, பால்காரனோடு சண்டை போடும்போது, ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது இருந்த முகம், அவர் மனதிலிருந்து ஓரம் ஓரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்திலெல்லாம் போட்டோ வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வாழ்ந்தது ஒரு பெண்ணோடா, அல்லது நானே எடுத்த படத்தோடா என்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பார், யோசித்து ஒன்றும் தெரியாமல் லென்ஸைத் துடைப்பார். பாசிக்குள் இருக்கிற ஆவுடைக்குக் கேமரா இருப்பது தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

ட்யூப் உதவவில்லை. அதை மாட்டினால் பாசியிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்குப் போக வேண்டியிருந்தது, போனால் மூன்று தெருவுக்கு இருட்டுக் கட்டியது, அங்கே எல்லாரும் ஒரு கணம் அண்ணாந்துவிட்டுத் துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பக்கவாட்டில் இருந்து பார்க்கலாம் என்றால் மதில் விளிம்பின் பாசி காடாக நின்று மறைத்தது. அவர் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனார்.

பீர்முகம்மது முதலில் லென்ஸைக் கழற்றித் தலைகீழாக மாட்டும் வளையம் கொடுத்தார். அதில் தெரிந்தது மிகவும் பெரிதாகத் தெரிந்தது. வியூஃபைண்டர் முழுக்க ஒரே ஒரு மல்லிகை மொட்டு இருந்தது, அது யாரோ ஒருத்தியின் கொண்டையில் இருந்தது, யார் கொண்டை என்று மட்டும் தெரியவில்லை.

"ஒமக்கு என்னதான்வே வேணும்?" என்றார் பீர்முகம்மது. "பெருசாத் தெரியணுமா, முழுசாத் தெரியணுமா? ரெண்டும் ஒண்ணாக் கெடைக்காது."

"ஒரு பொம்பளை மொகம் தெரியணும், பீரு."

"அதுக்குப் போயி மேக்ரோவா? அம்பத்தெட்டு வயசுல நல்ல சோலி பிடிச்சீரு."

"என் பொண்டாட்டி மொகம்."

பீர்முகம்மது கடைக்குள் போய் டீ சொன்னார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியில் ஓரத்து வீடுகள் எல்லாம் சாய்ந்து தெரிந்தன. ஃப்ளாஷ் அடித்தால் அங்கே மின்னல் வெட்டியது, வீட்டுக்கு வீடு டிவி ப்ளக்கைப் பிடுங்கினார்கள். பழைய கேமராவின் உள்ளே கண்ணாடி தடாலென்று எழும்பி விழுந்த சத்தம் அங்கே இடியாகக் கேட்டது, தொட்டில் பிள்ளைகள் அழுதன. ஆகவே கண்ணாடி இல்லாத, சத்தமில்லாத கேமரா வேண்டும் என்று ஆனது. படம் பதிகிற சென்சார் பெரிதாக உள்ளதை எடுக்கலாம் என்று தெய்வநாயகம் ஆசைப்பட்டார், கல்யாண வீடுகளில் அதற்குத்தான் மதிப்பு. பீர்முகம்மது விடவில்லை.

"பெருச எடுத்தா ஃபோகஸ் முடி கனத்துக்குத்தான் நிக்கும். கண்ணு தெரிஞ்சா மூக்கு தெரியாது. ஒமக்கு இந்தச் சின்னது போதும். அழகுக்கு எடுக்கப் போறீரா, ஆளைப் பாக்கப் போறீரா?"

லென்ஸ்தான் கடைசியில் கிடைத்தது. வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் நீளமான மேக்ரோ லென்ஸ் அது. பூச்சி பயந்து பறக்காத தூரத்தில் நின்றபடியே அதன் மீசையைக் காட்டும். ட்ரைபாடில் மாட்டி, மதிலுக்கு முழங்கை தூரம் தள்ளி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்றால், ஒரு பொட்டு நிழல்கூடப் பாசியில் விழவில்லை. தெருவே கூடி நின்று சரிபார்த்தது. அந்தத் தூரத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டார்கள், அதற்குள் யாரும் போகக் கூடாது என்று பேசி முடித்தார்கள், மாடத்தி தன் கடை பெஞ்சைக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டாள்.

பாசித் தெருவில் தன் வீட்டைத் தெய்வநாயகம் கண்டுபிடித்தார். மொட்டைமாடியில் ஆவுடை மிளகாய் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தாள். நிழல் விழவில்லை, சத்தம் கேட்கவில்லை, அவள் பயப்படவில்லை, ஒரு வேலையும் கெடவில்லை. அதனால் அவள் நிமிரவும் இல்லை. மேலிருந்து பார்க்கிறவருக்கு அவளுடைய வகிடு தெரிந்தது, நரைத்த இரண்டு முடிகள் தெரிந்தன, மிளகாயைத் தள்ளும் விரல்கள் தெரிந்தன. பனிக்காலம் முழுக்க அவர் தினமும் வந்து நின்றார், தினமும் வகிட்டைப் பார்த்துவிட்டுப் போனார். வானத்தில் ஒன்றும் இல்லாதபோது யார்தான் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்.

"ஒரு தடவை கையை நீட்டி நெழல் காட்டுங்க அண்ணாச்சி. மதினி பாப்பாவ" என்றாள் மாடத்தி.

"பாத்துட்டு ஓடுவா. மிளகாயை யாரு வாருவா, நீ போயி வாருவியா?"

"ஓடுற மொகமும் மொகந்தான்."

"இருட்டுல ஓடுற மொகம் படத்துல விழாது மாடத்தி. அதுவும் போக, அவ நிம்மதியா ஒரு வேலை பாக்கட்டும். இங்க இருந்தப்ப வெயிலைப் பாத்து மழையைப் பாத்து ஓடுனது போதும்."

இப்படி இருந்தபோது ஊருக்குப் புது இன்ஜினியரம்மா வந்தார். வந்த அன்றே மதிலைப் பார்த்தார், கைகூப்பினார், தன் தாத்தாவைத் தேடிப் பார்த்து அவர் இந்த ஊர்க்காரர் இல்லை என்று நினைவு வந்து சிரித்தார், பிறகு அண்ணாந்து தொட்டியைப் பார்த்தார். இவ்வளவு பேர் வந்து போகிற இடத்தில் தொட்டி ஒழுகலாமா என்று கேட்டார். தொட்டி ஒழுகுகிறது என்று வருஷா வருஷம் மனுக் கொடுத்தது அதே தெருதான். பாசிக்குள் ஊர் வந்த பிறகும், பழக்க தோஷத்தில், இந்த வருஷமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்துக்குள் ஒழுகல் நின்றது. தெருவே நின்று கைதட்டியது. கைதட்டி முடித்த பிறகுதான் மாடத்தி மதிலைப் பார்த்தாள்.

மாசி வெயிலில் பாசியின் ஓரம் பழுப்பானது. பங்குனி பிறந்தபோது பாதி மதில் சருகாகி, அங்கிருந்தவர்கள் பாய் தலையணையோடு பச்சை இருந்த தெருக்களுக்கு வந்து ஒண்டிக்கொண்டார்கள். ஆவுடையின் மாடியில் யாரோ வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இன்ஜினியரம்மா ஓடி வந்தார். "ஒழுகலை நிறுத்த விதி இருக்குங்க. ஒழுக வைக்க ஒரு விதியும் இல்லை" என்றார். யாரும் அவரைக் கோபிக்கவில்லை. மாடத்தி விரலை நனைத்து ஒரு சொட்டு உதறிப் பார்த்தாள். அது அங்கே குளம் உடைந்தது போலத் தெருவில் புரண்டு, ஒருத்தரையும் கொண்டுபோகாமல் பாத்திரங்களை மட்டும் கொண்டுபோனது. அப்புறம் யாரும் தண்ணீர் தெளிக்கத் துணியவில்லை.

ஈரச் சேலை கட்டலாம் என்று சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை. தொட்டியின் நாலு தூணுக்கும் கயிறு கட்டி, மதிலுக்கு மேலே பந்தல் போல நனைந்த சேலைகளை விரித்தால் வெயில் படாது, குளிர்ச்சி இறங்கும், கீழே சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட்டால் போதும். வீட்டுக்கு ஒரு சேலை என்று ஆனது. கயிறு கட்டுவதற்கு முன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், மாடத்திதான் பேசினாள்.

"சேலை போட்டா ஒங்களுக்கு வெளிச்சம் கெடையாது அண்ணாச்சி."

"கெடையாதுதான்."

"நாளைக்கு ஒரு பொழுது மட்டும் வெயில் கெடக்கட்டும். நீங்க பாக்கதைப் பாத்துக்கிடுங்க. நாளான்னைக்குக் கட்டுதோம். தெருவுல எல்லாரும் சரின்னுட்டாவ."

தெய்வநாயகம் லென்ஸைக் கையில் வைத்திருந்தார். வெயில் இல்லாமல் அந்த லென்ஸ் குருடு என்பது அவருக்குத் தெரியும். லென்ஸின் துளையை அகலமாகத் திறந்தால் முடி கனத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. இந்தக் கோடையை விட்டால் அடுத்த சாரலில் பாசி துளிர்க்கலாம், துளிர்க்காமலும் போகலாம். ஒரு பொழுதுதானே என்று அவர் மனம் சொன்னது. அந்த மாடியில் வரிசையாகக் கிடந்த பிள்ளைகளில் ஒன்று முன்தினம் வெயிலுக்குப் புரண்டு புரண்டு படுத்ததையும் அதே லென்ஸில்தான் பார்த்திருந்தார். லென்ஸைப் பெட்டியில் வைத்து மூடினார். எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, ஆவுடையின் கரும்பச்சைச் சேலை ஒன்றை எடுத்து வந்து மாடத்தியிடம் கொடுத்தார்.

"ஒரு பொழுதும் வேண்டாம். இப்பவே கட்டுங்க."

கட்டினார்கள். மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, கரும்பச்சை என்று பந்தல் முழுக்கச் சேலை ஆனது, மதில்மேல் குளிர்ந்த மங்கல் வெளிச்சம் இறங்கியது. தெய்வநாயகம் சும்மா பார்க்கத்தான் கோட்டருகே வந்து நின்றார். குனிந்தார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது: நிழலுக்குள் நிழல் விழவில்லை. கையை நீட்டினார், பாசியில் ஒன்றும் மாறவில்லை. தலையை நீட்டினார், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கோடு போட்டு விலகி நின்ற தூரம் அங்கே இல்லாமலே போயிருந்தது. மாடத்தி பெஞ்சை ஓரமாக நகர்த்தினாள்.

ட்ரைபாடைக் கொண்டுவந்து மதிலை ஒட்டி நிறுத்தினார். வெளிச்சம் போதாது என்பதால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும், ஒரு முழு மூச்சு இழுத்து விடும் நேரம். அதற்குள் அசைகிற எதுவும் படத்தில் புகையாகிவிடும். உயிருள்ள ஒரு தெரு அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது என்று தெரிந்தே அழுத்தினார். அங்கே வானம் நிறம் மாறியதில் வீட்டுக்கு வீடு ஆட்கள் மாடிக்கு வந்து அண்ணாந்து, கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

படம் திரையில் வந்தது. தெரு முழுக்கப் புகை. வடகக்காரி புகை, துபாய்க்காரன் புகை, தாவும் பெண்கள் நீளமான புகை. எல்லாப் புகைக்கும் நடுவில், மிளகாய் பரப்பிய மாடியில், ஒருத்தி மட்டும் மூக்குத்திக் கல் வரைக்கும் தெளிவாக நின்றிருந்தாள். சேலை வானத்தை அவள் பார்க்கவில்லை. நேராக இவரைப் பார்த்தாள். அந்த முழு மூச்சு நேரமும் அவள் இமைக்கக்கூட இல்லை.

தெய்வநாயகம் திரையைப் பெரிதாக்கினார். நாடி இடப்பக்கம் லேசாக இறங்கியிருந்தது, உதடு சேர்ந்திருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அதே மொகந்தான் மாடத்தி. அங்க போயும் போட்டோவுக்கு மூஞ்சி வைக்கா."

மாடத்தி கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"இதையா போட்டோ மூஞ்சிங்கீங்க?" என்றாள். "நீங்க கல்யாண வீட்டுல இருந்து பையைத் தூக்கிட்டுத் தெருமுக்குல திரும்புவீங்கள்லா, அப்ப மதினி வாசல்ல நின்னு பாக்க மொகம் இது. நீங்க கிட்ட வாரதுக்குள்ள ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள போயிருவாவ. நாங்க எம்புட்டுக் கேலி பண்ணியிருக்கோம், அவுகளுக்கு வெக்கம் தாங்காது. கேமராவுக்குன்னு தனியா ஒரு மூஞ்சியும் அவுகளுக்குக் கெடையாது. கேமராவுக்குப் பின்னால நீங்க நிக்கீங்கள்லா, அதான்."

சுவரிலும் பெட்டியிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த அத்தனை படங்களும் ஒவ்வொன்றாக அவருக்குள் திரும்பிப் பார்த்தன.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். கேமராவை பெஞ்சிலேயே விட்டுவிட்டு மதிலுக்குப் போனார். லென்ஸ் இல்லாமல் அங்கே அவருக்குத் தெரிந்தது ஒரு கை அகலப் பச்சை மட்டும்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கலைந்திருந்த முடியைக் கையால் ஒதுக்கினார். நாடியைக் கொஞ்சம் இறக்கி, உதட்டைச் சேர்த்து, கண்ணை நேராக வைத்து, அவள் பார்த்து முடிக்கட்டும் என்று அசையாமல் நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது, மாடத்தி கூப்பிடவில்லை.